ஆல்பர்ட் சாம்பியன்

ஆல்பர்ட் சாம்பியன் (ஏப்ரல் 5, 1878 - அக்டோபர் 26, 1927) பிரான்சில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் தொழில் நடத்திய மிதிவண்டிப் பந்தய வீரரும் தொழிலதிபரும் ஆவார். பிரெஞ்சு ஒலிப்பில் இவரது பெயர் ஆல்பேர் ஷாம்பியோன். 1899 ஆம் ஆண்டு பாரிஸ்-ரூபே மிதிவண்டிப் பந்தயத்தில் வென்றவர் இவர். பெட்ரோல் எஞ்சின்களில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிச்செருகிகளை (ஸ்பார்க் பிளக்) உற்பத்தி செய்த இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களின் தோற்றத்துக்கும் இவரே காரணமானவர். அவற்றுள் ஒன்று இவரது குடும்பப் பெயரையும் (சாம்பியன்), மற்றொன்று இவரது முதலெழுத்துக்களையும் (ஏசி) தாங்கின. இவர் இறக்கும்போது முதலாவது இவருடையதாக இல்லை.

இளமை

சாம்பியன் பாரிஸ் நகரின் பட்டிஞோல் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையை இளம் வயதிலேயே இழந்தார். தாயார் துணி வெளுக்கும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். முறையான உயர்கல்வி எதுவும் இவருக்குக் கிடைக்கவில்லை. சிறுவனாக இருந்தபோதே மிதிவண்டித் தொழிலில் நுழைந்தார். அக்காலத்தில் பாரிஸ் மிதிவண்டித் தொழிலின் தலைநகரமாக விளங்கியது. பின்னாளில் மோட்டார் வாகனத் துறையில் பெயர் பெற்ற பலர் மிதிவண்டிப் பட்டறைகளில் தொடங்கியவர்களே.

மிதிவண்டிப் பந்தயங்கள்

ஆங்கிலேயப் பயிற்சியாளரான சாப்பி வார்பர்ட்டன் என்பவரிடம் சாம்பியன் சில காலம் பயின்றார். வார்பர்ட்டன் தமது வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர். 1897 இல் இறந்தார்.

சாம்பியன் நெடுஞ்சாலை வீரர் அல்லர். வட்டத்திடலில் ஒரு வழிகாட்டி வண்டியின் பின்னால், அது காற்றைக் கிழித்து உண்டாக்கும் வெற்றிடத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டும் பந்தயமே இவருக்குக் கைவந்த கலை. தொடக்கத்தில் பலர் மிதிக்கும் நீண்ட மிதிவண்டிகள் வழிகாட்டின. 1890களின் இறுதியில் அவற்றின் இடத்தை மோட்டார் வண்டிகள் பிடித்தன. இந்த மாற்றம் சாம்பியனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முக்கியமானது. வழிகாட்டும் வண்டியின் எஞ்சின் ஒரு நொடி தடுமாறினாலும் பின்னால் வருபவர் அதில் மோதுவார், அல்லது காற்றின் மறைவை இழந்து பின்தங்குவார். அக்கால எஞ்சின்கள் தடுமாறியதற்குப் பெரும்பாலும் காரணம் மின்தீயமைப்பின் கோளாறு. பீங்கான் வெடிக்கும், மின்முனையில் எண்ணெய்க் கரி படியும், தீப்பொறி விழாது. ஆக, தீப்பொறிச்செருகி என்னும் பொருளின் அருமையை இவர் கடையில் அல்ல, பந்தயத் திடலில் கற்றார் எனக் கருத இடமுண்டு.

1899 ஏப்ரலில், 21 வயது நிறையும் தறுவாயில், பாரிஸ்-ரூபே பந்தயத்தில் கலந்துகொண்டார். 1896 இல் தொடங்கிய இப்பந்தயம் கருங்கல் பாவிய கரடுமுரடான சாலைகளுக்குப் பெயர் பெற்றது. திடல் வீரரான இவர் வெல்வார் என்று எதிர்பார்க்கப்படவில்லை. சுமார் 268 கிலோமீட்டர் தொலைவை 8 மணி 22 நிமிடங்களில் கடந்து முதலிடம் பெற்றார். மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வேகம் அது. இரண்டாவதாக வந்த பால் போர் இருபது நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

அமெரிக்கப் பயணம்

1900 இல் சாம்பியன் அமெரிக்காவுக்குச் சென்றார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ஓரியன்ட் மிதிவண்டிகளைத் தயாரித்து வந்த சார்லஸ் மெட்ஸ் இவரை ஒப்பந்தம் செய்திருந்தார். பிரான்சில் கட்டாய இராணுவச் சேவைக்கான வயது வந்துவிட்டதும் இவர் கப்பலேறியதற்கு ஒரு காரணம். மெட்ஸின் நிறுவனம் அப்போது மோட்டார் சைக்கிள் தயாரிப்பிலும் இறங்கியிருந்தது. 1900 ஜூலையில் பாஸ்டன் சார்லஸ் ஆற்றுத் திடலில் ஓரியன்ட் மோட்டார் சைக்கிளைச் சாம்பியன் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவின் தொடக்ககால மோட்டார் சைக்கிள் பந்தய நிகழ்வுகளில் ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது. பின்னர் ஒரு மைல் தொலைவை ஒரு நிமிடத்துக்குள் மோட்டார் சைக்கிளில் கடந்தார்.

பிரைட்டன் பீச் விபத்து

1903 அக்டோபரில் நியூயார்க்கின் பிரைட்டன் பீச் திடலில் நடந்த கார் பந்தயத்தில், பக்கார்ட் நிறுவனத்தின் 'கிரே வுல்ஃப்' என்ற பந்தயக் காரை ஓட்டிய சாம்பியன் விபத்துக்குள்ளானார். தொடை எலும்பு முறிந்தது. நீண்ட காலம் மருத்துவமனையில் இருந்தார். எலும்பு கூடியபோது ஒரு கால் மற்றதை விடக் குட்டையாகிவிட்டது. மிதிவண்டியை மட்டுமே நம்பி வாழ்ந்த 25 வயது இளைஞருக்கு அது தொழிலின் முடிவாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இவர் பிரான்சுக்குத் திரும்பினார். இரு கால்களின் வேறுபாட்டுக்கு ஏற்ப நீளம் வேறுபட்ட மிதிதண்டுகளைத் தமது வண்டியில் பொருத்திக்கொண்டு, 1904 இல் வழிகாட்டி வண்டிப் பிரிவில் பிரெஞ்சுத் தேசிய வாகையர் பட்டத்தை வென்றார். உடலின் குறையை எந்திரத்தின் அளவால் சரிசெய்த இச்செயல் இவரது பின்னாள் தொழிலுக்கு மிக நெருக்கமானது. அதன் பிறகு பந்தயங்களை விட்டு விலகினார்.

பாஸ்டன் நிறுவனம்

1905 இல் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட் சாம்பியன் கம்பெனி தொடங்கப்பட்டது. முதலீட்டாளர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் ஸ்ட்ரானஹான். அவரது சகோதரர் ராபர்ட் ஸ்ட்ரானஹானும் பின்னர் நிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனம் இயங்கிய சைக்ளோராமா என்னும் வட்டவடிவக் கட்டடம் இன்றும் பாஸ்டனில் கலை அரங்காக நிலைத்திருக்கிறது. முதலில் பிரான்சிலிருந்து மாக்னெட்டோ முதலிய மின்தீயமைப்பு உறுப்புகளை இறக்குமதி செய்து விற்றார்கள். பிறகு தீப்பொறிச்செருகிகளைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

தீப்பொறிச்செருகியைச் சாம்பியன் கண்டுபிடித்தார் எனச் சில இடங்களில் எழுதப்படுவது தவறு. 1860 இல் எத்தியேன் லெனுவார் தமது எரிவளி எஞ்சினிலேயே மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902 இல் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட் உயரழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற செருகியையும் உருவாக்கிய பின்னரே அது நம்பத்தக்க உறுப்பாயிற்று. சாம்பியன் செய்தது அதை அமெரிக்காவில் பெருமளவில், மலிவாக, ஒரே சீரான தரத்தில் உற்பத்தி செய்ததுதான். அதுவும் சிறிய செயல் அன்று.

ஃபிளின்ட் நகரமும் பெயர் வழக்கும்

1908 இல் பியூக் கார் நிறுவனத்தை நடத்தி வந்த வில்லியம் துரான்ட் சாம்பியனைச் சந்தித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. பியூக் கார்களுக்கு மலிவான, தரமான தீப்பொறிச்செருகிகள் துரான்டுக்குத் தேவைப்பட்டன. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகருக்கு வந்து அங்கேயே தயாரிக்குமாறு சாம்பியனை அழைத்தார். சாம்பியன் சம்மதித்தார், பாஸ்டன் பங்காளிகள் சம்மதிக்கவில்லை. நிறுவனத்தையோ அதன் பெயரையோ விட்டுக்கொடுக்க ஸ்ட்ரானஹான் சகோதரர்கள் மறுத்தனர். சாம்பியன் தனியே பிரிந்து ஃபிளின்ட் சென்று, அக்டோபர் 1908 இல் சாம்பியன் இக்னிஷன் கம்பெனி என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஸ்ட்ரானஹான் சகோதரர்கள் 1910 இல் தமது தொழிலை ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகருக்கு மாற்றினர். அங்கிருந்த ஓவர்லாண்ட் கார் நிறுவனம் அவர்களது முக்கிய வாடிக்கையாளர். இவ்வாறு ஒரே நாட்டில், ஒரே பொருளை, ஒரே மனிதரின் பெயரால் இரண்டு நிறுவனங்கள் விற்றன. பெயர் குறித்த பிணக்கில் சாம்பியன் தோற்றார். 'சாம்பியன்' என்ற வணிகப் பெயர் டொலிடோ நிறுவனத்துக்கே உரியதாயிற்று. ஃபிளின்ட் செருகிகளில் இவரது முதலெழுத்துக்களான 'ஏசி' மட்டும் பொறிக்கப்பட்டன. 1922 இல் நிறுவனத்தின் பெயரும் ஏசி ஸ்பார்க் பிளக் கம்பெனி என மாற்றப்பட்டது. தமது சொந்தப் பெயரைத் தாம் செய்யும் பொருளில் எழுத உரிமையற்றவரானார் சாம்பியன். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வாகையர் என்னும் பொருளும் உண்டு என்பதால் அது எந்த விளம்பரமும் தேட முடியாத பெயர். ஸ்ட்ரானஹான்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

துரான்ட் 1910 இலும் 1920 இலும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். சாம்பியன் நிலைத்தார். வேகமானிகள், காற்று வடிகட்டிகள், எண்ணெய் வடிகட்டிகள், எரிபொருள் பம்புகள் என ஏசி நிறுவனத்தின் பொருட்கள் பெருகின.

செருகியைத் தேர்தலும் இடைவெளி அமைத்தலும்

இரு நிறுவனங்களும் எதற்காகப் போட்டியிட்டன என்பதை அறிய, இச்சிறு உறுப்பின் பணியைச் சற்று விளக்க வேண்டும். தீப்பொறிச்செருகியில் இரண்டு மின்முனைகள் உள்ளன. நடுமுனை பீங்கான் காப்புக்குள் இருக்கிறது. பக்கமுனை வெளி உலோக உறையிலிருந்து வளைந்து நடுமுனைக்கு எதிரே நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் பல ஆயிரம் வோல்ட்டு அழுத்தத்தில் மின்சாரம் பாயும்போது தீப்பொறி உண்டாகிறது. நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் நாலடி எஞ்சினில் ஒவ்வொரு செருகியும் நொடிக்கு 50 முறை பொறி விட வேண்டும்.

உயர்திறன் கார்களுக்கு செருகியைத் தெரிவு செய்கையில் முதலில் பார்க்க வேண்டியது வெப்ப எண். எரிதலின் சூடு பீங்கான் மூக்கிலிருந்து உலோக உறை வழியாக எஞ்சினின் தலைப்பகுதிக்கு வடிகிறது. மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக வடியும். அது 'சூடான' செருகி. மூக்கு குட்டையாக இருந்தால் விரைவாக வடியும். அது 'குளிர்ந்த' செருகி. மூக்கின் வெப்பநிலை சுமார் 450 முதல் 500 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் கரி தானாக எரிந்து போகாது, படிந்து மின்சாரத்தைக் கசியவிடும். சுமார் 850 பாகையை விட வெகுவாக மேலே சென்றாலோ, செருகியே தணல்போல் ஒளிர்ந்து, பொறி விழுமுன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். அந்த முன்பற்றல் நீடித்தால் சில நொடிகளில் பிஸ்டனில் ஓட்டை விழக்கூடும். அமுக்க விகிதத்தை உயர்த்திய எஞ்சினுக்கும் டர்போ பொருத்திய எஞ்சினுக்கும் ஓரிரு படி குளிர்ந்த செருகியை இடுவது இதனால்தான். சாதாரணமாக நகரில் ஓட்டும் காருக்குப் பந்தயச் செருகி போட்டால் வேகம் கூடாது, கரிதான் படியும். இதை நம்ப மறுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வெப்ப எண்ணைக் குறிக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது ஒரு தொல்லை. சாம்பியன், ஏசி, போஷ் ஆகியவற்றில் எண் கூடக் கூடச் செருகி சூடானது. ஜப்பானின் என்ஜிகே நிறுவனத்தில் எண் கூடக் கூடக் குளிர்ந்தது. எனவே ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்க வேண்டும். மரையின் விட்டமும் நீளமும் சரியாக இருப்பது அதனினும் முக்கியம். நீளம் கூடினால் செருகி பிஸ்டனில் இடிக்கலாம்.

அடுத்தது இடைவெளி. தொடுமுனைப் பகிர்மானி கொண்ட பழைய கார்களில் இது பொதுவாக 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருந்தது. வலிமையான மின்னணுத் தீயமைப்பு வந்தபின் 1.0 மி.மீ.க்கு மேலும் வைக்க முடிகிறது. இடைவெளி அகன்றால் பொறி நீளும், பற்றும் கரு பெரிதாகும், எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சீராக எரியும். ஆனால் உருளைக்குள் அழுத்தம் கூடக் கூட அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டு தேவைப்படுகிறது. மின்சுருளால் அதைத் தர முடியாதபோது, சரியாக முழு விசை தேவைப்படும் நேரத்தில், எஞ்சின் தடுமாறுகிறது. ஆகவே டர்போ கார்களில் இடைவெளியை 0.6 அல்லது 0.7 மி.மீ. அளவுக்குக் குறைப்பது வழக்கம். தடுமாறாமல் எவ்வளவு அகலமாக வைக்கலாமோ அவ்வளவு வைப்பதே இதன் சூத்திரம். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து சிறிது உலோகத்தை அரித்துச் செல்வதால் இடைவெளி நாளடைவில் தானே அகலும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அளப்பதற்குக் கம்பி வடிவ ஃபீலர் கேஜ் ஏற்றது. தேய்ந்த முனையில் பட்டைத் தகடு குழியை அளக்காது. வளைக்க வேண்டியது பக்கமுனையை மட்டுமே. நடுமுனையில் நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஃபீலர் கேஜுக்குப் பதிலாக ஹாக்ஸா பிளேடை விட்டுப் பார்த்து, உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து மாட்டும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.6 மி.மீ.க்குச் சற்று மேல் என்பதால் தொடுமுனைக் காலத்து எஞ்சின்களுக்கு இது பெரிய பிழையாக இருக்கவில்லை. மெல்லிய இரிடியம் முனை கொண்ட இக்காலச் செருகிகளுக்கு இரண்டுமே கேடு.

கழற்றிய செருகியைப் பார்த்தே எஞ்சினின் நிலையை அறிவதும் பந்தயக் குழுவினரின் பழைய கலை. வெளிர் பழுப்பு நிறமானால் சரி. கரும்புகை படிந்திருந்தால் எரிபொருள் கூடுதல் அல்லது செருகி அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் ஆபத்து.

தமிழ்நாட்டில் இக்கலை வளர்ந்த முக்கிய இடம் சோழவரம். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே தொடர்வண்டி நிற்கும் அனுப்பம்பட்டுக்குத் தென்மேற்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உள்ளது. 1953 இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1980கள் வரை அங்கே பந்தயங்களை நடத்தியது. ஓடுதளத்தின் நீண்ட நேர்பாதையில் எஞ்சின் தொடர்ந்து முழு விசையில் இயங்கும். பீங்கான் மூக்கு மிகவும் சூடேறும். பந்தயத்துக்கு முன் மெதுவாக நகரும் போதோ அதே செருகி நனைந்து போகும். எஞ்சினைச் சூடேற்ற ஒரு தொகுதி, ஓட்டத்துக்கு மற்றொரு தொகுதி எனச் செருகிகளை மாற்றிப் போடுவது உலகெங்கும் பந்தயங்களில் இருந்த வழக்கம். சோழவரத்தில் ஓட்டிய கோயம்புத்தூர் கரிவர்தன் பின்னர் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்தார். 1990 இல் இருங்காட்டுக்கோட்டைத் திடல் திறக்கப்பட்டது. இந்தியாவில் பெருவாரியாகப் புழங்கிய செருகி, போஷ் நிறுவனத்தின் சார்பில் 1951 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்துடையது. அந்நிறுவனம் 2008 இல் போஷ் எனப் பெயர் மாறியது.

அட்லாண்டிக்கைக் கடந்த செருகிகள்

ஏசி செருகிகளுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது 1927 மே 20-21 நாட்களில் சார்லஸ் லின்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்த பயணம். அவரது வானூர்தியின் ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினுக்கு ஒன்பது உருளைகள். பாதுகாப்புக்காக உருளைக்கு இரண்டு வீதம் 18 செருகிகள். பயணம் முப்பத்து மூன்றரை மணி நேரம் நீடித்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 முறை சுழன்றது எனக் கொண்டால், ஒவ்வொரு செருகியும் ஏறத்தாழ 16 இலட்சம் முறை பொறி விட்டிருக்க வேண்டும். கீழே கடல். இடையில் நிறுத்திக் கழற்றித் துடைக்க வழியில்லை. சாம்பியன் தமது இளமையில் எஞ்சின் தடுமாறாதிருக்க வேண்டும் என்று வேண்டிய தொலைவு சில மைல்களே. இது சுமார் 5,800 கிலோமீட்டர்.

மறைவு

லின்ட்பெர்க் பயணத்துக்கு ஐந்து மாதங்களுக்குப் பின், 1927 அக்டோபரில், சாம்பியன் தமது இரண்டாவது மனைவி எட்னாவுடன் பாரிஸ் சென்றிருந்தார். அங்கு மெரீஸ் விடுதியில் இருந்தபோது திடீரென மயங்கி விழுந்து இறந்தார். இதயக் கோளாறு காரணம் எனக் கூறப்பட்டது. அப்போது இவருக்கு வயது 49. முதல் மனைவி எலீஸுடனான மணவாழ்வு முன்னரே முறிந்திருந்தது.

பின்னர்

இவரது மறைவுக்குப் பின் ஏசி நிறுவனத்தின் முழு உரிமையும் ஜெனரல் மோட்டார்ஸ் வசமாயிற்று. 1960களில் ஏசி ஸ்பார்க் பிளக் பிரிவு, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த அப்பல்லோ விண்கலத்தின் வழிநடத்தல் அமைப்பைத் தயாரிக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றது. நிலவுக்குச் சென்ற கலங்களின் திசையறி கருவிகள் தீப்பொறிச்செருகித் தொழிற்பிரிவு ஒன்றிலிருந்து வந்தன என்பது பலரும் அறியாத செய்தி. சாம்பியனின் முதலெழுத்துக்கள் ஏசிடெல்கோ என்ற வணிகப் பெயரில் தொடர்கின்றன. டொலிடோவின் சாம்பியன் நிறுவனம் 1989 இல் கூப்பர் இண்டஸ்ட்ரீசுக்கும் 1998 இல் ஃபெடரல்-மொகலுக்கும் கைமாறியது. அதன் செருகிகளில் இவரது முழுக் குடும்பப் பெயர் இன்னும் அச்சிடப்படுகிறது.